புத்தூர்க் கட்டுப் போட்ட துப்பாக்கி

நான் வெளிநாடு போனது வாழ்க்கையில் ஒரே தடவை. காலையில் சென்ட்ரலில் ரயில் ஏறி, மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் இறங்கிவிட்டேன்.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்துபோன புதிது அது. நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா பிறந்த நகரி அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் யாருக்கு என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. பெரம்பூரில் எங்கள் வீட்டு அடுப்படியிலும் அந்த வழக்கு தினமும் நடக்கும். “எங்க ஊருக்கு நான் போறதுக்கு எவன்டா பாஸ்போர்ட்டு கேக்கறது?” என்று நைனா சத்தம் போடுவார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மவுண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் எனக்கு ரிப்பேர் மேஜையில் வேலை. பெயர் கோதண்டம். வில்லின் பெயரை வைத்துக்கொண்டு துப்பாக்கியைத் துடைக்கிறாயே என்று கேலி செய்யாத வாடிக்கைக்காரர் கிடையாது. எத்தனையோ துப்பாக்கிகளைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை.

சித்தூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவருடைய ரைபிள்தான் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியது. எல்லாரும் அவரை நாயுடுகாரு என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் அவர் புலிக்கு முன்னால் உட்கார்ந்து விசையை இழுத்தபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்ததாம். புலி அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். ஊசியைத் தள்ளும் ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு அந்த ஸ்பிரிங்கைப் போட்டவன் நான்.

முதலாளி புது ஸ்பிரிங் போடச் சொல்லி, ரைபிளைப் பெட்டியில் வைத்து, லைசென்ஸ் காகிதங்களோடு என் கையில் கொடுத்தார். “துப்பாக்கி நன்றாக இருக்கிறது என்று அவர் கையால் எழுதி வாங்கிக்கொண்டு வா. காகிதம் வந்தால் நீயும் வா. வராவிட்டால் அங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்கொள்” என்றார். அவர் தமாஷ் பேசுகிறவர் அல்ல.

ரேணிகுண்டாவில் இறங்கியதும் ஒரு போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். முகம் மாறியது. நாயுடுகாரு பெயரைச் சொன்னேன். முகம் மறுபடி மாறியது. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வெளியே ஜீப் வரைக்கும் வந்தார். வெளிநாட்டில் இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை.

ஜீப்பை நாயுடுகாருவே ஓட்டி வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளை மீசை, தொப்பை, நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு. அவர் பேசியது தெலுங்கு. வீட்டில் நைனா தயவில் எனக்கு அது புரியும், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரும். பக்கத்தில் முனிரத்தினம். சத்தியவேடு பக்கத்துத் தமிழர், சொந்தமாக மூன்று காணி கடலை போடுகிறவர், வேட்டை அனுமதி கிடைக்கும் நாட்களில் நாயுடுகாருவுக்குக் கால்தடம் பார்த்துச் சொல்கிறவர். பின்சீட்டில் எனக்கருகே ஒல்லியாக ஒருவர் மடியில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தார். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் கங்கையா.

“யாருக்காவது அடிபட்டிருக்கிறதா?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்லே” என்றார் கங்கையா. நாயுடுகாரு ஒருமுறை வேட்டைக்காக மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டாராம். அதிலிருந்து கட்டுக்காரர் இல்லாமல் அவர் காட்டுக்குள் காலெடுத்து வைப்பதில்லை. குடை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி கங்கையாவை எடுத்துக்கொண்டு போகிறார்.

ஊரைத் தாண்டி ஒரு திருப்பத்தில் மேற்கே திருமலை முழுசாகத் தெரிந்தது. முனிரத்தினம் எழுந்து நின்று, “ஏடுகொண்டலவாடா! வெங்கடரமணா!” என்று குரல் கொடுத்தார். கங்கையா “கோவிந்தா! கோவிந்தா!” என்றார். நாயுடுகாருவும் “கோவிந்தா! கோவிந்தா!” என்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

இரண்டு கைகளையும் என்று எழுதியிருக்கிறேன். ஸ்டியரிங்கில் ஒரு கையும் இல்லை.

ஜீப் தன்பாட்டுக்குப் போய், சாலையோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நான் துப்பாக்கிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி முன்சீட்டுக்கு வந்திருந்தேன். கங்கையா ஒவ்வொருவர் கையையும் காலையும் நீவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்றே எனக்குத் தோன்றியது. ஜீப்பின் ஆக்சில் மட்டும் வளைந்துபோயிருந்தது. அதற்கு அவரிடம் கட்டு இல்லை.

என்னை ஆச்சரியப்படுத்தியது அதற்குப் பின் நடந்ததுதான். சென்னையாக இருந்தால் அந்த இடத்தில் பெரிய சண்டை நடந்திருக்கும். இங்கே யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தினது ஏன் என்று முனிரத்தினத்தைக் கேட்கவில்லை. கையை விட்டது ஏன் என்று நாயுடுகாருவையும் கேட்கவில்லை. கோவிந்தா சொன்னதற்கு ஒரு மனுஷனைத் திட்டினவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இதுவரை பிறக்கவில்லை போலிருக்கிறது.

“இன்னா மேஸ்திரி, உன் கை மேல போவலியே?” என்று முனிரத்தினம் என்னை மட்டும் கேட்டார்.

“பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்” என்றேன். உண்மை அதுவல்ல. பத்துப் பேர் நடுவில் கையைத் தூக்கிக் கூவுவது எனக்குக் கூச்சம். என் பக்தி காலையில் பல் விளக்கியதும் ஒரு நிமிஷம், அதோடு சரி.

வழியில் போன மாட்டுவண்டியில் ஏறி, பொழுது சாய்வதற்குள் கேம்ப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த இடத்தை நான் சும்மா புகழ்கிறேன் என்று நினைக்கவேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு ஓடை, அதன் கரையில் நாலு கூடாரம், சுற்றிலும் செம்மரம். பெரம்பூரில் விடிவதற்கு முன் குழாயில் தண்ணீர் வரும், கூடவே சண்டையும் வரும். இங்கே ஓடை இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தது, கேட்பாரில்லை. அன்று மாலை ஓடையில் கழுத்துவரை உட்கார்ந்தேன். தலைக்குமேல் மந்திகள் கிளை தாவின. தூரத்தில் காட்டுக்கோழி கூவியது. இத்தனை வயதுவரை குளியல் என்ற பெயரில் நான் செய்துவந்தது என்ன என்று யோசித்தேன்.

குளித்துவிட்டு வந்ததும் பெட்டியைத் திறந்து நாயுடுகாருவிடம் ரைபிளைக் கொடுத்தேன். ஒரு பானையை வைத்துச் சுட்டுப் பார்த்துக் காகிதம் எழுதிக் கொடுத்தால் மறுநாள் ரயிலைப் பிடித்துவிடுவேன் என்று பணிவாகச் சொன்னேன்.

அவர் சிரித்தார். “போன தடவையும் பானை உடைந்தது, தம்பி. புலி வந்தபோதுதான் இவன் ஊமையானான். பானையைச் சுட்டு என்ன தெரியும்? இங்கே ஒரு வெடி வெடித்தால் பத்து நாளைக்குப் புலி இந்தப் பக்கம் தலைகாட்டாது. அனுமதி சனிக்கிழமை பொழுது சாயும்வரை. அதுவரை இரு, சாப்பிடு. புலி விழுந்ததும் எழுதித் தருகிறேன்.”

அன்று செவ்வாய்க்கிழமை. என் வேலை நிலைப்பது ஒரு புலி சாவதில் வந்து நின்றுவிட்டது.

மறுநாள் காலை அந்தக் கேம்பின் பழக்கம் எனக்குப் புரிந்தது. விடிந்ததும் முனிரத்தினம் மலையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். கேம்ப் முழுதும் பதில் சொல்லும். அடுப்புப் பற்றினால் கோவிந்தா. சோறு வெந்தால் கோவிந்தா. ஒவ்வொன்றுக்கும் நாயுடுகாரு கையிலிருப்பதை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்குவார். என் கண்ணெதிரே இரண்டு காபி டம்ளர் கீழே போயிற்று. ஒரு தடவை வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கோவிந்தா வந்துவிட்டது. விவரம் வேண்டாம்.

“ஒரு கையில் கும்பிட்டால் போதாதா?” என்று கேட்டேன்.

“ஒரு கையைத் தூக்கினால் பஸ்ஸை நிறுத்துகிறோம் என்று அர்த்தம்” என்றார்.

சமையல் மங்கம்மாவுடையது. புத்தூர்ப் பக்கம்; ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். அன்று மத்தியானம் கேழ்வரகுக் களி உருண்டையும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டாள். நான் களியைப் பிட்டு வாயில் போட்டு மென்றேன். மென்றேன், மென்றேன், பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது.

“அய்யே! மெல்லக்கூடாதுண்ணா” என்று அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். “கொழம்புல பொரட்டி அப்டியே முழுங்கணும். நகரிக்காரரு புள்ளன்னு சொல்றே, களி துன்னத் தெரியலியே!”

அந்தப் பந்தியில் இன்னொருவர் இருந்தார். காளஹஸ்தியில் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நாயுடுகாருவின் பால்ய சிநேகிதர். வேட்டைக்கு வருவார், துப்பாக்கியைத் தொடமாட்டார். பறவைகளின் பெயரை நோட்டுப்புத்தகத்தில் எழுதுவதுதான் வேலை. எல்லைப் பிரச்சினை என்றால் மட்டும் பறவையைக்கூட மறந்துவிடுவார். இலையில் குழம்பைத் தொட்டு ஒரு கோடு இழுத்து, “இதற்கு வடக்கே எல்லாம் ஆந்திரா. நகரி, புத்தூர், சத்தியவேடு எல்லாம் இந்தப் பக்கம்” என்றார்.

“இன்னா சார், எங்க ஊரு மொத்தத்தையும் ஒரே வெரல்ல இஸ்துக்கினியே!” என்று முனிரத்தினம் எட்டி அந்தக் கோட்டை வழித்துவிட்டு, வடக்கே தள்ளி வேறு கோடு போட்டார். ஹெட்மாஸ்டர் அதை அழித்தார். இலை கிழிந்தது.

“சரி, அந்தப் புலி மெட்ராஸா, ஆந்திராவா?” என்று நான் கேட்டு வைத்தேன்.

“அதுக்கு எல்லைன்னா அது மூத்திரம் உட்ட மரந்தான்” என்றார் முனிரத்தினம். நாயுடுகாரு சிரித்துச் சிரித்துப் புரையேறி, கங்கையா அவர் முதுகைத் தட்டவேண்டியதாயிற்று. அத்தனை காரமாகப் பேசின இரண்டு பேரும் சாப்பிட்டதும் ஒரே பாயில் தலையோடு தலை வைத்துத் தூங்கினார்கள். எங்கள் தெருவில் வாய்க்கால் தகராறுக்கே மூன்று தலைமுறை பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு.

வியாழக்கிழமை முனிரத்தினம் என்னைத் தடம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். ஓடைக்கு மேலே ஒரு மைல் நடந்தால் பாறைகளுக்கு நடுவில் ஒரு மடு. ஈரமணலில் என் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு கால்தடம். முனிரத்தினம் குனிந்து, விரல் நுனியால் அதைத் தொடாமல் சுற்றிக் காட்டினார்.

“நேத்து சாயங்காலத்து காலு. வெயில் எறங்கறப்ப வரும். தண்ணி குடிக்கும். கொஞ்ச நேரம் குந்திக்கினு இருக்கும். அப்பால மேல போயிடும்.”

“உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?”

“நாலு வருசமா பாத்துக்கினு வரேனே. மொதல்ல ஆயி கூட வந்துச்சு, கன்னுக்குட்டி ஒசரம். ஒரு தபா கூட ஊரு மாட்டத் தொட்டது கெடையாது, மேஸ்திரி.” நிமிர்ந்தார். “இத்த அடிக்கறேன்னு நாயுடு சொல்லிட்டாரு. ஊரு பூரா சொல்லி வச்சிருக்காரு, கூடத்துல தோலு மாட்ட ஆணி அடிச்சிட்டாரு. அவரு எம் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வச்ச மனுசன். காட்டமாட்டேன்னு சொல்ல முடியுமா?”

என்னிடமும் ஒரு காகிதத்தின் கணக்கு இருந்தது. அந்தப் புலி சாகாவிட்டால் எனக்கு வேலை இல்லை, பெரம்பூரில் ஐந்து பேருக்குச் சோறு இல்லை. மனசுக்குள் திரும்பத் திரும்ப இதைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். வழியில் ஒரு மரப்பட்டையில் நகத்தால் கீறின கோடுகள் இருந்தன. நான் கையைத் தூக்கி எட்டிப் பார்த்தேன். அவ்வளவு உயரத்துக்கு எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மடுவின் எதிரே பரண் கட்டியாயிற்று. பெரிய மரத்தில் நாயுடுகாரு, முனிரத்தினம், நான். ரைபிள் ஏதாவது முரண்டு பிடித்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று நாயுடுகாரு என்னையும் ஏற்றிவிட்டார். பத்தடி தள்ளி இன்னொரு மரத்தில் கங்கையாவும் ஹெட்மாஸ்டரும். கட்டுக்காரர் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டால் நாயுடுகாருவுக்குக் குறி நிற்காதாம்.

பேசக்கூடாது, இருமக்கூடாது, சொறியக்கூடாது. முனிரத்தினம் எல்லாருக்கும் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அன்று மயில் வந்தது. ஒரு கடமான் வந்து, நின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. சிவப்பு எறும்பு ஒன்று என் காலில் ஏறி, சாவகாசமாக இடம் தேடி, முழங்காலுக்குப் பின்னால் கடித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ரிப்பேர் மேஜையில் பத்து வருஷம் உட்கார்ந்தவனுக்கு அசையாமல் இருப்பது கஷ்டமில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். புலி வரவில்லை.

இரவுச் சாப்பாட்டில் நாயுடுகாரு சரியாகச் சாப்பிடவில்லை. “நாளைக்கு ஒரு நாள்தான்” என்றார். எனக்கும் களி தொண்டையில் இறங்கவில்லை. இந்த முறை நான் மெல்லவில்லை, ஆனாலும் இறங்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கே ஏறி உட்கார்ந்துவிட்டோம். ரைபிளை நான் இரண்டு தடவை திறந்து பார்த்தேன். ஸ்பிரிங் குழந்தை மாதிரி துள்ளியது. நாயுடுகாரு அதைப் பரணின் முன்கிளையில் சாய்த்து, பின்பக்கத்து மரக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டார். வெயில் மெல்ல மெல்லப் பாறையில் இறங்கி வந்தது. மணி ஐந்தரை இருக்கும். மந்தி ஒன்று கரகரவென்று சத்தம் கொடுத்தது. முனிரத்தினத்தின் முழங்கால் என் முழங்காலைத் தொட்டது.

புதர் அசையவில்லை. சத்தம் எதுவும் இல்லை. ஒரு கணம் அங்கே பாறையும் வெயிலும் மட்டும் இருந்தன. அடுத்த கணம் புலி இருந்தது.

நான் மிருகக்காட்சி சாலையில் புலி பார்த்திருக்கிறேன். அங்கே பார்த்ததைப் புலி என்று சொல்லிக்கொண்டிருந்ததற்காக வெட்கப்படுகிறேன். இது கால் வைத்த இடமெல்லாம் அதற்குச் சொந்தம் என்பதுபோல வந்தது. சாய்ந்த வெயில் முதுகில் விழுந்து அந்த மஞ்சள் எரிந்தது. தோளெலும்பு தோலுக்கடியில் ஏறி இறங்கியது. தண்ணீருக்குக் குனிவதற்கு முன் தலையை நிமிர்த்திக் காட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாயுடுகாருவின் மூச்சு நின்றது. கன்னம் கட்டையில் பதிந்தது. விரல் விசையில் வளைந்தது.

அப்போது யாரோ பரணில் நின்று, “ஏடுகொண்டலவாடா! வெங்கடரமணா!” என்று காடு அதிரக் கூவினார்கள்.

நான்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், தொண்டை என்னைக் கேட்கவில்லை. கையைத் தூக்கினது எனக்குத் தெரியாது. மேலே பார்த்தபோது இரண்டு கைகளும் தலைக்குமேல் குவிந்திருந்தன. சின்ன வயதில் நைனா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ரயில் ஜன்னலில் மலையைப் பார்த்துக் கூவிய அதே குரலில் நான் கூவியிருக்கிறேன்.

“கோவிந்தா! கோவிந்தா!” பக்கத்து மரத்திலிருந்து கங்கையாவும் ஹெட்மாஸ்டரும். “கோவிந்தா! கோவிந்தா!” என் தோளருகே முனிரத்தினம். எல்லாரையும்விட உரக்க, “கோவிந்தா! கோவிந்தா!” என்று நாயுடுகாரு. கேட்ட குரலுக்குப் பதில் சொல்லாமல் அவரால் எப்படி இருக்க முடியும்? இரண்டு கைகளும் ரைபிளை விட்டு வானத்துக்குப் போய்விட்டன.

புலி ஓடவில்லை. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. கைகூப்பிய ஐந்து மனுஷர்களை மரத்தில் பார்த்தது அதற்கும் அதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும். பிடிப்பாரில்லாத ரைபிள் கிளையிலிருந்து மெதுவாக நழுவி, கட்டை கீழாக நேரே பாறையில் போய் விழுந்தது. படாரென்று மரம் முறிகிற சத்தம். கோவிந்தாவுக்கு அசையாத புலி அந்தச் சத்தத்துக்குத்தான் ஒரே தாவலில் மறைந்தது.

குண்டு வெடிக்கவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் உள்ளே எல்லாம் பிடித்தது பிடித்தபடி இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் அதை நினைத்துச் சந்தோஷப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். அந்தச் சந்தோஷம் ஒரு நொடிதான். காகிதம் போயிற்று, வேலை போயிற்று, இந்தப் பெரியவர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்த வார்த்தையும் என்னால் போயிற்று.

மரத்திலிருந்து இறங்கினோம். நாயுடுகாரு மடுவையே பார்த்துக்கொண்டு நின்றார். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. அனுமதியும் அதோடு இறங்கியது.

“யார் முதலில் சொன்னது?” என்றார் ஹெட்மாஸ்டர் மெல்ல.

“நாந்தான்” என்றார் முனிரத்தினம், என்னைப் பார்க்காமலே.

“நான் கூடச் சொன்னேன்” என்றார் கங்கையா.

“இல்லை, நாயுடுகாரு. நான்தான்” என்றேன். “என்னை மன்னித்துவிடுங்கள்.”

“தெரியும். என் காதுக்குள்ளேதானே கத்தினாய்” என்றார் அவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “கோவிந்தா சொன்னதற்கு உன்னை என்னவென்று திட்டுவது? திட்டினால் என்னையும் திட்டவேண்டும். நீ சொன்னாய், நான் பதில் சொன்னேன். கையில் புலியை வைத்துக்கொண்டு பதில் சொன்னேன்.” மடுப் பக்கம் திரும்பி, “எவ்வளவு பெரிய தலை, பார்த்தாயா?” என்றார். அவருடைய தொப்பை குலுங்க ஆரம்பித்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பினால் மட்டும் வந்த நீர் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

முனிரத்தினம் கேம்ப் வரைக்கும் என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். இறக்கத்தில்கூடக் கையை எடுக்கவில்லை.

“தோலு எங்கே?” என்று கேட்டாள் மங்கம்மா.

“புலிமேலேயே இருக்கிறது” என்றார் நாயுடுகாரு. “களி போடு.”

கங்கையா சாப்பிட வரவில்லை. விளக்கருகில் துணிமூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நாளாகச் சும்மா இருந்த கைக்கு வேலை கிடைத்திருந்தது. ரைபிள் கட்டை கழுத்தருகே இரண்டாக விரிந்திருந்தது. முறிவை நீவிச் சேர்த்து, பச்சிலைச் சாந்து தடவி, முட்டையின் வெள்ளைக் கருவில் நனைத்த துணியைச் சுற்றி, நாலு பக்கமும் மூங்கில் சிம்பு வைத்து இறுகக் கட்டினார்.

“மூணு கட்டு போடணும்” என்றார் என்னிடம், முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல். “இப்ப ஒண்ணு ஆச்சு. மெட்ராசுக்குப் போனதும் தண்ணி படாம பாத்துக்கோ.”

ஞாயிற்றுக்கிழமை காலை நாயுடுகாரு என்னைக் கூப்பிட்டுக் காகிதம் எழுதிக் கொடுத்தார். தெலுங்கில் நாலே வரி. “துப்பாக்கியில் பழுது இல்லை. கொண்டுவந்த ஆளிடமும் பழுது இல்லை. புலி வந்தது, நன்றாகப் பார்த்தேன். கட்டைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, குணமானதும் உங்கள் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இனி அவசரமில்லை.” முதலாளிக்குத் தெலுங்கு வராது. நான்தான் படித்துச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட ரைபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “போய் மேஜையில் உட்கார்” என்றார்.

அது மறுநாள் கதை. ஞாயிறு மத்தியானம் ரேணிகுண்டாவில் ரயில் ஏறினேன். பெட்டிக்குள் கட்டோடு ரைபிள் அடங்கவில்லை, அதனால் மடியில் கிடத்திக்கொண்டேன். எதிரே மொட்டைத் தலையோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டு அம்மாள் சிம்பையும் துணியையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்கே ஒடைஞ்சது, பாவம்?” என்று கேட்டார்.

“மரத்திலிருந்து விழுந்துவிட்டது” என்றேன். அவர் உச்சுக்கொட்டி, எனக்கு ஒரு லட்டு கொடுத்தார்.

ரயில் நகர்ந்து ஊர் விலகியது. மேற்கே மலை ஏழு மடிப்பும் தெரிய நின்றது. எதிர் சீட்டுப் பெரியவர் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஏடுகொண்டலவாடா! வெங்கடரமணா!” என்றார்.

நான் ரைபிளைப் பத்திரமாகப் பலகையில் கிடத்தினேன். லட்டை அதன் பக்கத்தில் வைத்தேன். பிறகு இரண்டு கைகளையும் தூக்கினேன்.